மழை விட்ட பிறகு வரும் குடை

முன்னொரு காலத்தில், நாற்பது குடை இருந்தும் நாள்தோறும் நனைந்துகொண்டிருந்த மன்னர் ஒருவர் இருந்தார். பெயர் அனந்தமாறர். குடைகளும் லேசுப்பட்டவை அல்ல. தாழை மடலால் பின்னி, வழவழப்பான மூங்கில் காம்பு பூட்டி, விளிம்பில் வெள்ளிச் சலங்கை கோத்தவை. அவற்றுக்கென்று தனிக் கொட்டில், கொட்டிலுக்கென்று தனிப் பூட்டு, பூட்டுக்கென்று தனி ஆள். இத்தனை இருந்தும் ஐப்பசி பிறந்துவிட்டால் மன்னர் தெப்பமாக நனைந்து, தும்மிக்கொண்டேதான் அரண்மனைக்குள் வருவார்.

மன்னருக்கு ஒரு பழக்கம் இருந்தது. பிற்பகலில் தாமரைக் குளத்தின் படியில் நின்று மீன்களுக்குப் பொரி போடுவார். மற்ற வேலையெல்லாம் ஆள் வைத்துச் செய்வார். இதை மட்டும் தன் கையால்தான் செய்வார். ஐப்பசி மழைக்கும் அதே நேரம்தான் வாய்க்கும். முதல் துளி விழுந்ததும் காவலன் ஒருவன் “குடை” என்று குரல் கொடுப்பான். குரல் உடனே போய்ச் சேர்ந்துவிடும். குடைதான் வராது. மழைக்குப் பயந்து மன்னர் ஓடினார் என்று யாரும் சொல்லிவிடக் கூடாதே என்று அவர் அசையாமல் நிற்பார். நனைந்து முடித்து, மழை விட்டு, வெயிலும் எட்டிப் பார்த்த பிறகு குடைக்காரன் ஒச்சப்பன் மூச்சிரைக்க ஓடிவந்து தலைக்கு மேல் பிடிப்பான். கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் என்று சொல்வார்கள். அந்த நாட்டில் அதைச் சொல்லத் தேவையே இல்லை, தினமும் நேரில் பார்க்கலாம்.

இது எத்தனையோ வருடமாக நடந்தது. யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஒருநாள் பக்கத்து நாட்டுத் தூதர் வந்திருந்த சபையில் மன்னர் தொடர்ந்து பதினோரு தும்மல் போட்டார். பன்னிரண்டாவது தும்மலில் தூதர் நீட்டிய ஓலை பறந்து போய் ஒரு புலவரின் மடியில் விழுந்தது. தூதர் அதை எடுத்துத் துடைத்துக்கொண்டே, தங்கள் நாட்டில் மழை வந்தால் குடை பிடிக்கும் வழக்கம் உண்டு என்று பணிவாகச் சொன்னார். அந்தப் பணிவுதான் மன்னரை எரித்துவிட்டது.

தூதர் போனதும் ஒச்சப்பனை இழுத்துவரச் சொன்னார். நான்கு நாளில் அவன் குடும்பத்தோடு நாட்டின் எல்லையைத் தாண்டிவிட வேண்டும் என்று தீர்ப்பும் சொல்லிவிட்டார். ஒச்சப்பனுக்கு ஐம்பது வயது. இடுப்பில் கட்டிய துண்டைப் பிசைந்துகொண்டு நின்றான்.

சபையின் ஓரத்தில் விகடகவி பூவலிங்கம் உட்கார்ந்திருந்தான். அவனுக்கு வாய்தான் சொத்து, வாய்தான் சத்துரு. சும்மா இருந்திருக்கலாம். ஆனால் ஒச்சப்பன் துண்டைப் பிசைவதைப் பார்த்துவிட்டான். பார்த்த பிறகு அவனால் சும்மா இருக்க முடியவில்லை.

“மன்னா, ஒரு சந்தேகம்,” என்று எழுந்தான். “குடை தாமதமாக வந்தது என்று தெரிகிறது. ஏன் தாமதமாக வந்தது என்று யாராவது கேட்டோமா?”

மன்னர் பதில் சொல்வதற்குள் அரண்மனை மணியக்காரர் நல்லபெருமாள் எழுந்துவிட்டார். அரண்மனையின் நடைமுறைகள் எல்லாம் அவர் கையில்தான் இருந்தன. எந்த வாசலை யார் திறப்பது, எந்த விளக்கை யார் ஏற்றுவது என்று அவர் எழுதி வைத்த ஓலைகள் ஒரு மாட்டுவண்டி தேறும். போன பொங்கலுக்கு மன்னர் பூவலிங்கத்தைத் தம் பக்கத்தில் உட்காரவைத்துச் சாப்பிட்டதிலிருந்து நல்லபெருமாளுக்கு இவனைக் கண்டால் வயிறு எரியும்.

“முறைகளில் குறை இல்லை, மன்னா. அவை தங்கள் பாட்டனார் காலத்திலிருந்து வருபவை. குறை ஆளிடம்தான் இருக்கிறது,” என்றார். பிறகு பூவலிங்கத்தின் பக்கம் திரும்பிச் சிரித்தார். “அற்பனுக்கு வாழ்வு வந்தால் அர்த்தராத்திரியில் குடை பிடிப்பான் என்பார்கள். இவருக்கோ பட்டப்பகலில் பிடிக்க ஆசை போலிருக்கிறது. பிடித்துக் காட்டட்டுமே.”

மன்னருக்கு இந்த யோசனை பிடித்துவிட்டது. கோபமாக இருக்கும்போது கூட வேடிக்கை என்றால் அவருக்கு ஒரு சபலம் உண்டு. நல்லபெருமாள் அங்கேயே நிபந்தனைகளை அடுக்கினார். நான்காம் நாள் மழையில் மன்னர் வழக்கம்போல் மீனுக்குப் பொரி போடக் குளக்கரைக்கு வருவார். அவர் படியில் நிற்கும்போது குடை அவர் தலைக்கு மேல் இருக்க வேண்டும். மழையின் ஒரு துளியும் அவர்மேல் படக் கூடாது. மழை தொடங்கிய பிறகே குடை கொட்டிலை விட்டுக் கிளம்ப வேண்டும். வழக்கமான கைகள் எல்லாவற்றையும் தாண்டியே வர வேண்டும், ஒரு கையையும் தவிர்க்கக் கூடாது, ஒரு முறையையும் மீறக் கூடாது. தவறினால் ஒச்சப்பனோடு பூவலிங்கமும் எல்லையைத் தாண்ட வேண்டும்.

மன்னர் தலையாட்டினார். ஓலையில் எழுதி முத்திரையும் வைத்தாகிவிட்டது. வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்டோமே என்று பூவலிங்கம் நினைத்தபடி வெளியே வந்தான். ஒச்சப்பன் வாசலில் காத்திருந்தான்.

“எதுக்குச் சாமி எனக்காக வம்ப வெலைக்கு வாங்குனீக?” என்றான் ஒச்சப்பன். “மக தலைப்பிரசவத்துக்கு வந்திருக்கா. இன்னைக்கோ நாளைக்கோன்னு இருக்கு. அவளக் கூட்டிக்கிட்டு எந்தக் காட்டுக்குப் போவேன்னு நானே தெகைச்சுப் போயிருக்கேன். இப்ப நீங்களும் கூட வாரீக.”

“துணைக்கு ஆள் இருந்தால் நல்லதுதானே,” என்றான் பூவலிங்கம். சிரிக்கத்தான் பார்த்தான், சிரிப்பு வரவில்லை. குடை ஏன் தாமதமாகிறது என்று கேட்டான்.

“எனக்கு என்னங்க தெரியும்? என் கைக்கு வரும்போதே மழை பாதி போயிருது. அதுக்கு முன்னாடி ஏழு கை இருக்கு. நான் எட்டாவது கை.”

எட்டுக் கையின் தாமதத்துக்கும் எட்டாவது கைக்குத்தான் நாடு கடத்தல். மற்ற ஏழு கையைப் பற்றிச் சபையில் ஒருவரும் வாயே திறக்கவில்லை. பூவலிங்கம் மறுநாள் காலையிலேயே கொட்டிலுக்குப் போனான். குடை போகும் வழியெல்லாம் தானும் போய்ப் பார்ப்பது என்று முடிவு செய்திருந்தான். பத்து ஆட்களை வைத்து வேலை வாங்கும் பெரிய மனிதர்கள் இதைச் செய்வதில்லை. நாற்காலியை விட்டு எழுந்தால் முட்டி வலிக்கும் போலிருக்கிறது.

போய்ப் பார்த்தவன் தலையில் கை வைத்துக்கொண்டான். என்றோ ஒருநாள் பட்டத்து யானை தண்ணீரை வாரி இறைத்ததை மழை என்று நினைத்துக் குடையைக் கொண்டு வந்துவிட்டார்களாம். அன்றிலிருந்து பெய்வது மழைதானா என்று சொல்ல ஒரு மழைநோக்கி நியமிக்கப்பட்டிருந்தார். மழையில் நின்று நின்று அவருக்குச் சளி பிடித்ததால் அவரை உள்கூடத்தில் உட்காரவைத்துவிட்டார்கள். அங்கே மழை தெரியாது. ஆகவே ஒருவன் மழையைக் கிண்ணத்தில் பிடித்து அவரிடம் கொண்டு போய்க் காட்டுவான். அவர் தொட்டுப் பார்த்து, முகர்ந்து பார்த்து, ஒரு சொட்டு நாக்கில் வைத்துப் பார்த்து, “மழைதான்” என்பார். அதன் பிறகுதான் சாவிக்காரர் எழுந்திருப்பார். சாவி ஒருமுறை தொலைந்துவிட்டதால் அதை யானைக்கொட்டடிப் பக்கம் ஒரு பெட்டிக்குள் பத்திரமாக வைத்திருந்தார்கள். கொட்டிலோ இந்தக் கோடியில் இருந்தது.

குடை வெளியே வந்தால் ஒருவர் அதை மும்மூன்று தடவையாக ஒன்பது தடவை உதறுவார். பாட்டனார் காலத்தில் குடைக்குள் ஒரு தேள் இருந்ததாம். அப்புறம் ஒருவர் காம்பை முழக்கோலால் அளப்பார். ஓலைக்காரர் இன்ன குடை இன்ன நேரத்தில் வெளியே போகிறது என்று எழுதுவார், எழுத்தாணியைக் கூராக்கிக்கொண்டுதான் எழுதுவார். இதெல்லாம் கூடப் பரவாயில்லை. முற்றத்தைத் தாண்டும்போது மன்னருக்குரிய குடை நனைந்துவிடக் கூடாது என்று அதற்கு மேல் இன்னொரு குடை பிடிக்க ஓர் ஆள் இருந்தார். குடைக்குக் குடை. கடைசியில் அது உண்மையிலேயே காய்ந்திருக்கிறதா என்று ஒருவர் துணியால் துடைத்துத் துடைத்துப் பார்ப்பார். அந்த நாட்டில் மழையில் ஒருபோதும் நனையாத பொருள் ஒன்று உண்டென்றால் அது மன்னரின் குடைதான்.

ஒருவர்கூடச் சோம்பேறி இல்லை. அதுதான் பூவலிங்கத்துக்கு வேதனையாக இருந்தது. ஒவ்வொருவரும் தன் வேலையைக் கண்ணும் கருத்துமாகச் செய்தார். குடை குளத்துக்கு எப்போது போய்ச் சேர்கிறது என்று கேட்டால் மட்டும் விழித்தார்கள். அடுத்த ஆள் வாசல் வரைக்கும்தான் அவர்களுக்குத் தெரியும். குளத்தைப் பார்த்தவர்கள் ஒச்சப்பனைத் தவிர ஒருவரும் இல்லை.

அன்று பிற்பகல் மழை பெய்தது. குடை கொட்டிலிலிருந்து குளத்துக்குப் போய்ச் சேர இரண்டு நாழிகை ஆயிற்று. மழை ஒன்றரை நாழிகையில் நின்றுவிட்டது. அடுத்த நாள் எல்லாரையும் ஓடச் சொல்லிப் பார்த்தான். சாவிக்காரர் ஓடினார். ஆனால் மழைநோக்கி கிண்ணத்தை முகர்ந்து முடிக்கும்வரை அவர் வாசலில் மூச்சு வாங்கிக்கொண்டு நிற்கத்தான் வேண்டியிருந்தது. தேள் உதறுபவர் வேகமாக உதறியதில் சலங்கை இரண்டு அறுந்து விழுந்தது. ஓலைக்காரர் அறுந்த சலங்கையைத் தனியாக எழுதினார். மொத்தத்தில் வழக்கத்தைவிடக் கால் நாழிகை அதிகமாயிற்று.

மூன்றாம் நாள் காலை நல்லபெருமாளிடமிருந்து புதிய ஓலை வந்தது. குடை இனி அவர் கையாலும் முத்திரை பெற்ற பிறகே குளத்துக்குப் போக வேண்டுமாம். அவர் இருப்பதோ மேற்கு மாளிகையின் மாடியில். குளம் கிழக்கே. சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்கமாட்டான் என்று சும்மாவா சொன்னார்கள்.

ஓலையைப் பார்த்ததும் ஒச்சப்பன் உட்கார்ந்துவிட்டான். வீட்டில் மகளுக்கு இடுப்புவலி கண்டிருப்பதாகவும், வண்டி கட்டினால் அவள் தாங்கமாட்டாள் என்று மருத்துவச்சி சொன்னதாகவும் சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டான். பூவலிங்கத்துக்கு மனசு கனத்துப் போயிற்று. தன் விகடத்தை நம்பி ஒரு குடும்பம் உட்கார்ந்திருக்கிறது, தன்னிடம் ஒரு விகடமும் இல்லை என்று வெட்கமாக இருந்தது.

முத்திரை வைத்த நிபந்தனை ஓலையை எடுத்து மறுபடி படித்தான். குடை எங்கே கிளம்ப வேண்டும், எப்போது கிளம்ப வேண்டும், யார் யார் கையைத் தாண்ட வேண்டும் என்று எல்லாம் எழுதியிருந்தது. நல்லபெருமாள் கெட்டிக்காரர், ஒரு ஓட்டை விடவில்லை. கடைசி வரிக்கு வந்தபோது பூவலிங்கம் நிமிர்ந்து உட்கார்ந்தான். இன்னொரு முறை படித்தான். பிறகு ஒச்சப்பனின் முதுகில் ஓங்கி ஒரு தட்டுத் தட்டினான்.

“குடை எந்த வழியாக வர வேண்டும் என்று எழுதியிருக்கிறார்கள். மன்னர் எந்த வழியாக வர வேண்டும் என்று எழுதவில்லை.”

நான்காம் நாள் பிற்பகல் கீழ்வானம் கறுத்தது. மன்னர் பொரிப் பாத்திரத்தோடு கிளம்பும்போது பூவலிங்கம் போய் வணங்கி நின்றான். தங்கள் தலைக்கு மேல் குடை இருக்க வேண்டும் என்பது நிபந்தனை, ஆகவே இன்று ஒருநாள் தாங்கள் குடையோடு சேர்ந்தே குளக்கரைக்கு எழுந்தருள வேண்டும் என்று கேட்டுக்கொண்டான். அதில் தவறு என்ன இருக்கிறது என்று மன்னரும் கிளம்பிவிட்டார். முதல் துளி விழும்போது அவர் உள்கூடத்தில், மழைநோக்கியின் முன்னால் நின்றார்.

கிண்ணம் வந்தது. மழைநோக்கி மன்னரைக் கண்டு பதறி எழுந்தார். வழக்கம் எதுவோ அப்படியே செய்யுங்கள் என்றான் பூவலிங்கம். அவர் தொட்டார், முகர்ந்தார், நாக்கில் வைத்தார், கண்ணை மூடி யோசித்தார். வெளியே மழை ஓட்டின்மேல் தடதடவென்று கொட்டிக்கொண்டிருந்தது.

“மழைதான்,” என்றார்.

“எனக்கும் அப்படித்தான் தோன்றியது,” என்றார் மன்னர்.

சாவிக்காகத் தாழ்வாரம் தாழ்வாரமாக யானைக்கொட்டடி வரை நடந்தார்கள். பிறகு அதே தாழ்வாரம் வழியாகத் திரும்பிக் கொட்டிலுக்கு நடந்தார்கள். குடையை உதறத் தொடங்கியபோது மன்னர் முதலில் சிரித்தார். ஐந்தாவது உதறலில் சிரிப்பு நின்றுவிட்டது. இதுவரை எத்தனை தேள் விழுந்திருக்கிறது என்று கேட்டார். உதறுபவர் கணக்குப் பார்த்துவிட்டு, பதினெட்டு வருடத்தில் ஒரு பல்லி விழுந்ததாகச் சொன்னார். முழக்கோல்காரர் அளந்தார். போன வாரத்துக்கு இந்த வாரம் காம்பு வளர்ந்திருக்குமோ என்று மன்னர் கேட்டதற்கு, இதுவரை வளர்ந்ததில்லை என்றார் அவர். ஓலைக்காரர் எழுத்தாணியைக் கூராக்கிக்கொண்டிருந்தபோது மன்னரின் பொறுமை எல்லை மீறியது.

“பூவலிங்கம், இன்னும் எவ்வளவு நேரம் என்னை இப்படி நிற்கவைக்கப் போகிறாய்?”

“மன்னா, தாங்கள் இப்போது இங்கே நிற்கும் நேரமெல்லாம், மற்ற நாட்களில் அங்கே நனையும் நேரம்,” என்றான் பூவலிங்கம்.

முற்றத்தைத் தாண்டும்போது ஒச்சப்பன் மன்னரின் தலைக்கு மேல் ஒரு குடை பிடித்தான், அந்தக் குடைக்கு மேல் இன்னொருவர் ஒரு குடை பிடித்தார். இரண்டு குடைக்குக் கீழே மன்னர் குனிந்தபடி நடந்தார். மறுபுறம் துடைப்பவர் துணியோடு காத்திருந்தார். காய்ந்த குடையை ஏன் துடைக்க வேண்டும் என்று மன்னர் கேட்டார். துடைப்பவர் பூவலிங்கத்தைப் பார்த்தார். பயப்படாமல் உண்மையைச் சொல்லும்படி பூவலிங்கம் கண்ணைக் காட்டினான்.

“தாங்கள் பத்து வயசுப் பிள்ளையா இருக்கும்போது ஈரக் குடையிலேர்ந்து ஒரு சொட்டுத் தோள்ல விழுந்துருச்சுன்னு அழுதீகளாம். அப்ப எங்க அப்பாரு கையில துணியக் குடுத்தாங்க. அவருக்கப்புறம் நானு.”

மன்னரின் காது சிவந்தது. ஒரு சொட்டுக்காக முப்பது வருடம் முழுக்க நனைந்திருக்கிறோம் என்பது அப்போதுதான் அவருக்குப் புரிந்தது. எட்டுக் கையும் ஆயிற்றே, இனிக் குளத்துக்குப் போகலாமா என்று சற்றுத் தணிந்த குரலில் கேட்டார். பூவலிங்கம் தலையைச் சொறிந்தான். இன்னும் ஒரு கை இருக்கிறது, அது நேற்றுத்தான் முளைத்தது என்று சொல்லி மேற்கு மாளிகை மாடிக்கு அழைத்துப் போனான்.

நல்லபெருமாள் வாசலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து அதிரசம் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். சலங்கைச் சத்தம் கேட்டும் திரும்பவில்லை.

“குடையா? அப்படியே ஓரமாக நில். நான் சாப்பிட்டு, கை கழுவி, கொஞ்சம் படுத்து எழுந்த பிறகுதான் முத்திரை. மன்னர் நனைந்தால் ஒன்றும் கரைந்துவிட மாட்டார். பூவலிங்கம் மூட்டை கட்டுகிற அழகை நான் பார்த்தாக வேண்டும்.”

மன்னர் ஓரமாகத்தான் நின்றார். பாத்திரத்திலிருந்த பொரியில் ஒரு பிடி எடுத்து வாயில் போட்டுக்கொண்டார். மூன்றாவது அதிரசத்தை எடுக்கும்போது நல்லபெருமாளுக்கு ஏதோ உறுத்தித் திரும்பினார். கையில் அதிரசம், வாயில் அதிரசம், எதிரே இரண்டு குடைக்குக் கீழே மன்னர்.

“நீங்கள் சாப்பிடுங்கள், மணியக்காரரே. உங்கள் முறைப்படி நாங்கள் காத்திருக்கிறோம்,” என்றார் மன்னர்.

முத்திரை அதற்குமேல் தாமதமாகவில்லை. எல்லாரையும் கூட வரச் சொன்னான் பூவலிங்கம். மழைநோக்கி முதல் மணியக்காரர் வரை வரிசையாகக் குளக்கரைக்கு வந்தபோது மழை விட்டு, வெயில் அடித்து, தாமரை இலைகளில் தண்ணீர் உருண்டுகொண்டிருந்தது. மன்னர் படியில் நின்றார். தலைக்கு மேல் குடை இருந்தது. மேலே ஒரு சொட்டு ஈரம் இல்லை. கொட்டிலிலிருந்து மழை தொடங்கிய பிறகே கிளம்பி, ஒரு கையும் விடாமல், ஒரு முறையும் மீறாமல் குடை வந்து சேர்ந்துவிட்டது. நிபந்தனை ஓலையைப் பூவலிங்கம் வரி வரியாகப் படித்துக் காட்டினான்.

மன்னர் வெயிலைப் பார்த்தார், குடையைப் பார்த்தார், குடைக்கு மேலிருந்த குடையைப் பார்த்தார். சிரிப்பை அடக்கிப் பார்த்தார், முடியவில்லை. அவர் சிரித்த சிரிப்பில் பாத்திரம் கவிழ்ந்து பொரியெல்லாம் குளத்தில் கொட்டியது. மீன்களுக்கு அன்றைக்கு விருந்து.

பூவலிங்கம் மட்டும் சிரிக்கவில்லை. அவனுக்கு இன்னும் வேலை முடியவில்லை. அத்தனை பேரையும் குளத்துப் படியிலேயே உட்காரச் சொன்னான். மன்னரைக் கேட்டுக்கொண்டு அவரையும் உட்காரவைத்தான். குடை சீக்கிரம் வர என்ன செய்யலாம் என்று அவர்களிடமே கேட்டான். ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். இத்தனை வருடம் குடையைக் கை மாற்றியவர்கள் அன்றுதான் முதன்முதலாக ஒன்றாக உட்கார்ந்திருந்தார்கள்.

கடைசியில் தேள் உதறுபவர்தான் மெல்ல வாயைத் திறந்தார். “உதறுறத காலம்பரயே உதறிரலாங்க. மழை வரட்டும்னு எதுக்குக் காத்திருக்கணும்? ரொம்ப நாளா தோணிக்கிட்டேதான் இருந்துச்சு. சொன்னா, அப்ப நீ எதுக்குன்னு கேட்டுருவாகளோன்னு பேசாம இருந்துட்டேன்.”

அந்த ஒரு சொல்லில்தான் எல்லாம் இருந்தது. மற்றவர்கள் தலையும் குனிந்தது. எல்லாருக்கும் தெரிந்திருக்கிறது. எல்லாருக்கும் வயிறு இருக்கிறது. பூவலிங்கம் மன்னரைப் பார்த்தான். இவர்களில் ஒருவருடைய சோறும் போகாது என்று தாங்கள் வாக்குக் கொடுத்தால் இவர்கள் பேசுவார்கள், இல்லாவிட்டால் நான் எத்தனை விகடம் செய்தாலும் குடை வராது என்று சொன்னான். மன்னர் தம் வலது கையைக் குளத்துத் தண்ணீரில் வைத்து வாக்குக் கொடுத்தார்.

அவ்வளவுதான், மடை திறந்த மாதிரி ஆகிவிட்டது. காம்பை மாதம் ஒருமுறை அளந்தால் போதும் என்றார் முழக்கோல்காரர். சாவியைக் கொட்டில் வாசலிலேயே மாட்டலாம் என்றார் சாவிக்காரர், யானைக்கொட்டடி நாற்றம் தாங்கவில்லை என்றும் சேர்த்துச் சொன்னார். மழையைத் தலையில் வாங்கிப் பார்த்தாலே தெரியுமே என்று மழைநோக்கியே சொன்னபோது எல்லாரும் சிரித்தார்கள். ஒச்சப்பன் கடைசியாகப் பேசினான். இத்தனை வருடமும் அவனிடம் யாரும் கேட்டதில்லை.

“குளக்கரை மண்டபத்துத் தூண்ல ஒரு ஆணி அடிச்சு, ஒரு குடைய இங்கயே மாட்டிப்புட்டா என்னங்க?”

நல்லபெருமாள் எழுந்தார். அப்படி ஒரு ஆணி அடிக்க முறையே கிடையாது என்று தொடங்கினார். அவர் முடிப்பதற்குள் ஐப்பசி வானம் மறுபடி கறுத்து, மழை இரண்டாம் முறையாகச் சடசடவென்று இறங்கியது. ஒச்சப்பன் கையில் குடை இருந்தது. ஒரே எட்டில் மன்னரின் தலைக்கு மேல் பிடித்தான். குடைக்குக் குடை பிடித்தவர் ஒரு கணம் யோசித்துவிட்டு, தன் குடையை மற்றவர்கள் தலைக்கு மேல் விரித்துப் பிடித்தார். எல்லாரும் நெருக்கியடித்துக்கொண்டு அதற்குள் நின்றார்கள். நல்லபெருமாளுக்கு மட்டும் இடம் இல்லை. மழை பெய்யும்போதே நனையாமல் நிற்பது எப்படி இருக்கும் என்று மன்னர் அன்றுதான் கண்டார். கையை வெளியே நீட்டி, மழையைப் பிடித்துப் பார்த்துக் குழந்தை மாதிரி சிரித்தார்.

அங்கேயே தீர்ப்பும் ஆயிற்று. ஒச்சப்பனின் நாடு கடத்தல் ரத்து. அவன் குடையை முழக்கோல்காரர் கையில் கொடுத்துவிட்டு, கும்பிடவும் மறந்து, மகளைப் பார்க்க மழையிலேயே வீட்டுக்கு ஓடினான். தமக்கு மண்டபத்துத் தூணில் மாட்டும் ஒரு குடை போதும் என்று மிச்சம் முப்பத்தொன்பதையும் ஊர் வாசல்களிலும், சந்தையிலும், பிள்ளைகள் படிக்கும் பள்ளியிலும் வைக்கச் சொன்னார் மன்னர். குடைக்கொட்டில் ஆட்கள் அவற்றைப் பார்த்துக்கொள்ள வேண்டும். மழையில் மாட்டிக்கொண்டவர் யாராக இருந்தாலும் வாங்கிப் போகலாம். நல்லபெருமாளுக்கும் ஒரு பொறுப்பு கிடைத்தது. ஐப்பசி முடியும்வரை மன்னருக்குப் பதிலாக அவர்தான் மீனுக்குப் பொரி போட வேண்டும். அவருக்குக் குடை வேண்டுமென்றால் அவர் போற்றும் பழைய முறைப்படி, எல்லாக் கையும் தாண்டி வரும்.

பிறகு மன்னர் பூவலிங்கத்தின் பக்கம் திரும்பினார். அவனுக்கு நூறு பொன்னும் பட்டுச் சால்வையும் பரிசு என்று அறிவித்தார். கருவூலத்திலிருந்து முறைப்படி அனுப்பிவைக்கப்படும் என்றார். பூவலிங்கம் நெடுஞ்சாண்கிடையாக விழுந்து வணங்கினான். விழுந்தவன் எழுந்திருக்கவில்லை.

“ஏன், பரிசு போதாதா?” என்றார் மன்னர்.

“நிறையவே இருக்கிறது, மன்னா. ஆனால் கருவூலத்திலிருந்து என் வீட்டுக்கு எத்தனை கை என்று யோசித்துப் பார்த்தேன். சால்வை வந்து சேரும்போது குளிர்காலம் போயிருக்கும். பொன் வந்து சேரும்போது நானே போயிருப்பேன்.”

மன்னர் இடுப்பைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். தோளில் இருந்த சால்வையை உருவி அவன்மேல் போர்த்தினார். கழுத்திலிருந்த முத்துமாலையைக் கழற்றி அவன் கையில் வைத்து, விரல்களைத் தாமே மடக்கி மூடினார்.

“இந்தா, ஒரே கை,” என்றார்.